மடப்பள்ளி நெருப்பு

செங்கமலம் வைகாசி விசாகத்தன்று விடிவதற்குள் செத்துப்போனாள். தாழையீசுவரர் கோயில் சன்னதித் தெருவில் முதலில் கேட்ட புலம்பல் அவளுக்காக அல்ல, விசாகத்துக்காக. "இன்னிக்குன்னு பார்த்தா போகணும்?" என்று எதிர்வீட்டு மாமி கோலமாவுக் கிண்ணத்தோடு வாசலில் நின்று தலையில் கைவைத்துக்கொண்டாள். உயிரோடிருந்த வரைக்கும் செங்கமலத்தை வாசல் தாண்டி உள்ளே விடாதவள் அந்த மாமி.

தெருவில் பிணம் கிடந்தால் கோயில் நடை திறக்கக்கூடாது. மணி அடிக்கக்கூடாது, மடப்பள்ளியில் உலை வைக்கக்கூடாது. சாமிக்கு ஒரு பருக்கை கிடையாது. தெருவிலுள்ள வீடுகளிலும் அடுப்பு மூட்டமாட்டார்கள். பிணம் தெருவைத் தாண்டின பிறகு கோயிலைக் கழுவிவிட்டுத்தான் எல்லாம். மயிலாப்பூருக்குத் தெற்கே மந்தைவெளிப் பக்கம் ஒதுங்கிக் கிடக்கிற சின்னக் கோயில்தான் அது. ஆனால் பெரிய கோயிலுக்கு என்னென்ன வழக்கமோ அதில் ஒன்றுகூட இங்கே குறைந்ததில்லை.

அன்றைக்கு மாலை ரிஷப வாகனத்தில் சாமி புறப்பாடு. பந்தல் போட்டு வாழைமரம் கட்டியாகிவிட்டது. வாகனத்தைப் புளி போட்டுத் தேய்த்து மண்டபத்தில் நிறுத்தியிருந்தார்கள். தேனாம்பேட்டையிலிருந்தும் அடையாற்றிலிருந்தும் ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். இத்தனையும் ஒரு கிழவி மூச்சை விட்டதில் நின்றுபோனது என்று தெருவுக்குக் கோபம்.

அந்தக் கோபமெல்லாம் காதில் விழுந்தும் விழாத மாதிரி ஜானு அக்காவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். செங்கமலத்துக்கு அடுத்தவள் அவள். இரண்டு பேரும் சின்ன வயதிலேயே இந்தச் சாமிக்குப் பொட்டுக் கட்டிக்கொண்டு, சாமியின் பெண்டாட்டிகள் என்று ஊர் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள். செங்கமலம் அதை நம்பினாள். சாமிக்கு ஜலதோஷம் வந்துவிடும் என்று மார்கழியில் கவலைப்படுகிற நம்பிக்கை. ஜானுவுக்கு அவ்வளவு பக்தி கிடையாது, வாயும் கொஞ்சம் ஜாஸ்தி. "இன்னா, கீதுன்னு பேசாதேடி, கோயில் வீட்டுப் பொண்ணு பேசற பேச்சா அது?" என்று செங்கமலம் ஆயுசு பூராவும் தங்கையைத் திட்டிக்கொண்டிருந்தாள். இனிமேல் திட்ட ஆளில்லை.

அக்காவைக் குளிப்பாட்டி, முகத்துக்கு மஞ்சள் பூசி, காலணா அகலத்துக்குக் குங்குமம் வைத்து, அரக்குப் பட்டுச் சுற்றியிருந்தாள் ஜானு. சாமியின் பெண்டாட்டிக்குத் தாலி அறுவது கிடையாது. சுமங்கலியாகவே போகலாம். ஜுரத்தில் கடைசி நாட்களில் செங்கமலம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "நெருப்பு கோயில்லேருந்து வரணும்டி. மறந்துடாதே."

அதுதான் அந்தக் கோயில் வழக்கம். பொட்டுக் கட்டினவள் செத்தால், சாமி கழுத்தில் கிடக்கிற மாலையை எடுத்து அவளுக்குப் போடுவார்கள். சாமி இடுப்பில் உடுத்திக் களைந்த துணியைப் போர்த்துவார்கள். சாமிக்குச் சோறு பொங்குகிற மடப்பள்ளி அடுப்பிலிருந்து ஒரு சட்டி நெருப்பு எடுத்து, அதைக் கொண்டுதான் சிதைக்குக் கொள்ளி. வீட்டுக்காரன் பெண்டாட்டிக்குச் செய்கிற காரியத்தைச் சாமி செய்கிறார் என்று அர்த்தம். இவர்கள் அம்மாவுக்கு அப்படித்தான் நடந்தது. அம்மாவின் அக்காளுக்கும் அப்படித்தான்.

தம்பி வேலாயுதம் அந்தக் கோயிலிலேயே நாகஸ்வரம் வாசிப்பவன். அவனைத் தர்மகர்த்தாவிடம் அனுப்பினாள் ஜானு. போன தம்பி தர்மகர்த்தாவையே கையோடு அழைத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றான்.

தர்மகர்த்தா சுந்தரராமய்யர் ஹைகோர்ட் வக்கீல். லஸ் பக்கம் பங்களா. சாராயம் கிடையாது, சீட்டாட்டம் கிடையாது, கோயில் சொத்தில் ஒரு தேங்காய் மூடியைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோனவர் இல்லை. பெண்கள் படிக்கவேண்டும் என்று மேடையேறிப் பேசுகிறவர். அதுதான் வயிற்றெரிச்சலே. அன்றைக்கு அவர் செய்ததை அயோக்கியன் ஒருத்தன் செய்திருந்தால் காறித் துப்பிவிட்டு வேலையைப் பார்க்கலாம்.

அவர் படியேறவில்லை. அங்கவஸ்திரத்தால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு தெருவிலேயே நின்று பேசினார்.

"ஜானு, ரொம்ப வருத்தமா இருக்கு. செங்கமலம் நல்லவ. வெயில் ஏறறதுக்குள்ள எடுத்துட்டா எல்லாருக்கும் நல்லது. கோவிலை அலம்பிவிட்டுச் சாயங்காலம் பொறப்பாடு பண்ணணும்."

"எடுத்துடறோம் ஐயா. மாலையும் துணியும் மடப்பள்ளி நெருப்பும் வந்ததும் எடுத்துடறோம்."

"அதெல்லாம் இப்போ கிடையாதும்மா."

"கிடையாதுன்னா?"

"பொட்டுக் கட்டப்படாதுன்னு சட்டம் வந்து நாலஞ்சு வருஷமாச்சு. சாமிக்குப் பொண்டாட்டின்னு கோவில்ல பொம்மனாட்டிகளை வெச்சுண்டிருந்தது தேசத்துக்கே அவமானம்னு நானே மீட்டிங்லே பேசியிருக்கேன். இப்போ நானே மாலை அனுப்பினா என்ன அர்த்தம்? உங்க அக்கா சாமிக்கும் பொண்டாட்டி இல்லே, யாருக்கும் இல்லே. அவ ஒரு கௌரவமான ஸ்திரீ. அப்படித்தான் அவ போகணும்."

ஜானு எழுந்து வாசல் நிலைக்கு வந்தாள். "போன வெள்ளிக்கிழமை ஜுரத்தோட வந்து அம்பாளுக்கு ஆரத்தி எடுத்தாளே, அது யாரு ஐயா? பொண்டாட்டியா, கௌரவமான ஸ்திரீயா?"

"அது வேற விஷயம்."

"எது வேற? சதிராட்டத்தை நிறுத்தினீங்க, சரி. கோயில்லேருந்து தெனம் வந்துக்கினு இருந்த பட்டைச் சோத்தை நிறுத்தினீங்க, அதுவும் சரி. ஆரத்திய மட்டும் இன்னாத்துக்கு விட்டு வெச்சீங்க?"

குடத்தின் மேல் விளக்கேற்றிச் சாமியைச் சுற்றித் திருஷ்டி கழிக்கிற வேலை அது. தாலி அறாத கைதான் எடுக்கவேண்டும். வேறு எந்த வீட்டுப் பெண்ணும் எடுக்கமாட்டாள். சாமி மேல் விழுந்த கண்ணெல்லாம் எடுக்கிறவள் மேல் இறங்கும் என்று பயம். சட்டம் வந்த பிறகும் செங்கமலம்தான் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அது சாஸ்திரம்," என்றார் சுந்தரராமய்யர், குரலைத் தாழ்த்தி.

"நல்லாக் கீது. நாங்க செய்யறது சாஸ்திரம். நீங்க செய்யவேண்டியது சட்டம்."

"அக்கா!" என்று வேலாயுதம் அவள் கையைப் பிடித்தான்.

"நீ சும்மா இரு. ஐயரே, எனக்கு ஒரு பொண்ணு இருந்தா அவளுக்கு நானே பொட்டுக் கட்டியிருக்க மாட்டேன். உங்க சட்டம் நல்ல சட்டந்தான். ஆனா கட்டிக்கினு அம்பது வருஷம் இருந்துட்டாளே, அவள இன்னா பண்ணுவீங்க? இருந்ததே இல்லேன்னுடுவீங்களா? உங்க கல்யாணத்துக்கு உங்க சம்சாரம் தாலிக்கு மணி கோத்துக் குடுத்தது யாரு? இவதான். அறாத கையின்னு உங்க அம்மா வண்டி அனுப்பி இட்டுக்கினு போனாங்க. அன்னிக்கு வேணும், இன்னிக்கு வேணாமா?"

அதுவரைக்கும் 'ஐயா'வாக இருந்தவர் 'ஐயரே' ஆனதைச் சுந்தரராமய்யர் கவனித்துவிட்டார். அவர் முகம் இறுகியது. "என்னாலே முடியாது ஜானு. இதிலே என் சொந்த விருப்பு வெறுப்பு எதுவும் இல்லே."

"சரி. எனக்கும் இல்ல. வழக்கம் போச்சுன்னா எல்லா வழக்கமும் போவட்டும். போயி நடையத் தொறங்க. மணியடிங்க. பொங்கல் வெச்சு சாமிக்குப் போடுங்க. பொணம் பாட்டுக்கு இங்க கிடக்கட்டும்."

அவர் குடையை விரித்துக்கொண்டு கோயில் பக்கம் நடந்தார். பிணம் கிடக்கும்போது நடை திறக்க முடியாது என்று அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

வெயில் ஏறியது. அக்கினி நட்சத்திரம் முடியாத நாட்கள். மந்தைவெளிப் புழுதி காற்றில்லாமல் அப்படியே தொங்கியது. கடற்காற்று வந்தால் உண்டு, இல்லாவிட்டால் அந்தத் தெரு வெந்துபோகும். அன்றைக்குக் கடற்காற்றும் வரவில்லை. புறப்பாட்டுக்கென்று முந்தின நாள் நனைத்த பயறும் அரிசியும் மடப்பள்ளியில் புளித்துக்கொண்டிருந்தன. தெருவில் எந்த வீட்டிலும் காப்பி இல்லை. குழந்தைகள் வாழைப்பழத்தைத் தின்றுவிட்டு மறுபடியும் பசிக்கிறது என்று அழுதன. லஸ் பங்களாவில் மட்டும் அடுப்பு எரிந்தது. அது வேறு தெரு.

வேலாயுதம் கூடத்துத் தூணோரம் குந்திக்கொண்டு ஜானுவைக் கெஞ்சிக்கொண்டிருந்தான்.

"வேணாம்க்கா. நமக்கு எதுக்கு இந்த வம்பு? நம்ம ஜாதி சங்கத்துல இன்னா சொல்றாங்க? பழச எல்லாம் மறந்துட்டு மானமா இருக்கணும்னு சொல்றாங்க. கோயில் மாலை வேணும்னு நீ கேட்டா, நாமளே அந்தப் பழம் பேர ஒத்துக்கிற மாதிரிதானே ஆவுது?"

"உனக்கு மானம் வேணும், வாங்கிக்க. நான் வேணாம்னு சொன்னனா? அக்காவுக்கு அந்தப் பேரத் தவிர வேற ஒண்ணும் கிடையாதுடா. அதையும் புடுங்கிக்கினு சுடுகாட்டுக்கு அனுப்பணுமா?"

"செத்தவங்களுக்கு இன்னா தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியும்ல."

வேலாயுதம் வெளியே போனான். திரும்பி வரும்போது பாடை தூக்குகிறவர்களையும் மூங்கிலையும் கூட்டிக்கொண்டு வந்தான். யார் அவனுக்கு அந்தத் தைரியத்தைக் கொடுத்தார்கள் என்று கேட்கவேண்டியதில்லை. தீட்டுக் கழிந்தபிறகு நாகஸ்வரம் வாசிக்கிற வேலை வேண்டுமா வேண்டாமா என்று கோயில் மண்டபத்தில் யாரோ அவனிடம் கேட்டிருக்கிறார்கள். ஜானு போய்ச் செங்கமலத்தின் பக்கத்தில் தரையில் நீளப் படுத்துக்கொண்டாள்.

"தூக்கறதுன்னா ரெண்டு பேரையும் சேத்துத் தூக்குங்கடா."

வந்தவர்களில் மூத்தவன் மூங்கிலைக் கீழே போட்டான். "இன்னா மேளக்காரரே, வூட்டுப் பொம்பள ஒத்துக்கினாங்கன்னு சொல்லித்தானே இட்டாந்தே? உசுரோட கீறவங்கள நாங்க தூக்கறதில்ல நைனா." தலைப்பாகைத் துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். வேலாயுதம் ஜானுவின் காலடியில் விழுந்து அழுதான். ஜானு அவன் தலையைத் தடவவில்லை. தடவியிருக்கலாம் என்று பிற்பாடு நினைத்துக்கொண்டாள். அப்போது அவளுக்கு அவன்மேல் அவ்வளவு ஆத்திரம்.

ஆனால் ஆத்திரம் வெயிலை நிறுத்தவில்லை. உச்சிப்பொழுது தாண்டியதும் ஊதுவத்திப் புகையையும் மீறி அந்த வாடை லேசாகக் கிளம்பியது. ஜானு மட்டும்தான் முதலில் அதை உணர்ந்தாள். அக்கா தினம் சந்தனமும் தாழம்பூவுமாக மணந்தவள். அவளை ஊர் மூக்கைப் பிடித்துக்கொள்கிற நிலைமைக்குக் கொண்டுவந்துவிட்டேனே என்று இன்னும் இரண்டு ஊதுவத்தியைக் கொளுத்தி வைத்தாள். அவளுக்காகப் பிடிவாதம் பிடித்து அவளையே அழுகவிடுகிறோமா? எடுத்துவிடுங்கள் என்று சொல்ல வாயைக்கூடத் திறந்துவிட்டாள்.

அந்த நேரத்தில் வாசலில் கைவண்டி சத்தம் கேட்டது. ராயப்பேட்டை மெஹபூப் அலி. வருஷா வருஷம் விசாகத்துக்குக் கோயில் பந்தலோரம் சர்பத் கடை போடுகிறவர். அந்தக் கடையில் செங்கமலத்துக்கு நன்னாரி சர்பத் என்றால் உயிர்.

"இன்னா சின்னம்மா, இப்டி ஆயிப்போச்சு," என்றார் அவர் தோள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே. "பெரியம்மாவப் பாக்கலாமா?"

"உள்ள வாங்க பாய். யாரும் வரல. நீங்களாவது வாங்க."

அவர் உள்ளே வந்து பார்த்தார். பார்த்ததுமே புரிந்துகொண்டார். திரும்பிப் போய்க் கைவண்டியின் மேலிருந்த சாக்கை இழுத்தார். மரத்தூளுக்குள் பாளம் பாளமாக ஐஸ் கட்டி இருந்தது.

"சர்பத்துக்கு எடுத்தாந்தது. பெரியம்மாவச் சுத்தி அடுக்கிடலாமா? மரத்தூள் மேல போட்டுக்கினா சாயந்தரம் வரைக்கும் தாங்கும்."

"உங்க வியாபாரம் பாய்?"

"வியாபாரம் இன்னா வியாபாரம்? சாமியே வூட்ட வுட்டு வெளிய வரல. சர்பத்து யாரு குடிப்பா? எப்டியும் உருகித்தான் போவப்போவுது. இங்கயே உருவட்டும்." பாடை தூக்குகிறவர்களைப் பார்த்து, "யோவ், குந்திக்கினே கீறீங்களே, ஒரு கை புடிங்கய்யா," என்றார்.

செங்கமலத்தைச் சுற்றி ஐஸ் பாளங்களை அடுக்கினார்கள். ஜானு ஒரு ஐஸ் துண்டை எடுத்து அக்காவின் நெற்றியில் வைத்து எடுத்தாள். அப்போதுதான் அன்றைக்கு முதல் தடவையாக அவளுக்கு அழுகை வந்தது. அழுது முடித்தபோது பழைய கோபம் முழுசாகத் திரும்பி வந்திருந்தது.

தெருவின் பேச்சும் திசை மாறிக்கொண்டிருந்தது. காலையில் ஜானுவைச் சபித்த வாய்களுக்கு மத்தியானம் பசித்தது. எதிர்வீட்டு மாமி வந்து தெருவில் நின்றபடியே கத்தினாள்.

"ஏண்டி ஜானு, இந்த அடமெல்லாம் நன்னாருக்கா? எங்காத்துல சின்னக் கொழந்தை பாலுக்கு அழறது. அடுப்பு மூட்டி ஒரு வாய் காய்ச்சிக் குடுக்க முடியலே."

"என்னைக் கேக்காதீங்க மாமி. ரெண்டு முழம் வாடின மாலையும் ஒரு சட்டி நெருப்பும். அவ்வளவுதான் நான் கேட்டது. மடப்பள்ளில நெருப்புக்கா பஞ்சம்?"

மாமி கோயில் பக்கம் திரும்பி, இன்னும் உரக்கக் கத்தினாள். "குடுத்துத் தொலைக்கறதுக்கென்ன? காலம் காலமா குடுத்துண்டிருந்ததுதானே? லஸ்ஸுலே உக்காந்துண்டு வேளைக்குச் சாப்பிடறவாளுக்கு எங்க கஷ்டம் எங்கே தெரியும்!"

அக்கம்பக்கத்தில் இரண்டு மூன்று ஆண்கள் அதற்கு ஆமாம் போட்டார்கள். அவர்களுக்கும் ஜானு மேல் அன்பு ஒன்றும் புதிதாகப் பிறந்துவிடவில்லை. வயிறு பேசியது. எதுவானாலும் சரி என்று ஜானு கேட்டுக்கொண்டாள்.

வெயில் சாயத் தொடங்கியபோது கோயில் வாசலிலிருந்து ஆட்கள் வந்தார்கள். முன்னால் கோயில் கணக்குப்பிள்ளை பித்தளைத் தாம்பாளத்தோடு. தாம்பாளத்தில் பெரிய மல்லிகை மாலை, சிவப்புக் கரை போட்ட ஒரு துணி. பின்னால் ஒருவன் கையில் கங்கு போட்ட மண்சட்டி. கடைசியில் சாம்பு குருக்கள், தலை நிமிராமல். சுந்தரராமய்யர் கொஞ்சம் தள்ளி, குடைக்குக் கீழே நின்றார்.

வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள். வேலாயுதம் கையெடுத்துக் கும்பிட்டான். "வந்துடுச்சுக்கா! சாமி மனசு எறங்கிட்டாரு!"

ஜானுவும் ஒரு கணம் நம்பினாள். கையை நீட்டியவள் மாலையைப் பார்த்தாள், நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். மல்லிகை மொட்டு மொட்டாக, தண்ணீர் தெளித்த ஈரத்தோடு, அப்போதுதான் பிரிந்துகொண்டிருந்தது. தெருவுக்கே வாசனை வந்தது. அந்தக் கோயில் நடை முந்தின ராத்திரி அர்த்தஜாமத்தில் சாத்தியது. அப்புறம் திறக்கவில்லை. சாமி கழுத்தில் கிடந்த மாலையென்றால் இந்நேரம் சருகாகியிருக்கவேண்டும். மரியாதையாக இருக்கட்டும் என்று பார்த்துப் பார்த்து நல்ல மாலையாக வாங்கியிருக்கிறார்கள்.

ஜானு கணக்குப்பிள்ளையிடம் எதுவும் கேட்கவில்லை. நேரே குருக்களைப் பார்த்தாள்.

"சாமி, உள்ள வாங்க. அக்கா தலைமாட்டுல வந்து நில்லுங்க."

"நான் உள்ளே வரப்படாது ஜானு."

"சரி, அங்கயே நில்லுங்க. உங்க கையால அம்பது வருஷம் விபூதி வாங்கினவ படுத்துக்கினு கீறா. அவளப் பாத்துக்கினு சொல்லுங்க. இது சாமி கழுத்துல கிடந்த மாலையா?"

சாம்பு குருக்கள் கணக்குப்பிள்ளையைப் பார்த்தார். குடைக்குக் கீழே நின்றவரைப் பார்த்தார். பிறகு கூடத்தில் ஐஸுக்கு நடுவே கிடந்தவளைப் பார்த்தார். கிழவருக்கு வாய் கோணிக்கொண்டது.

"இல்லேம்மா. பஜார்லேருந்து வந்தது. துணியும் புதுசு."

"நெருப்பு?"

"அது... அடுத்த தெரு காப்பி கிளப் அடுப்புலேருந்து எடுத்தது."

 "அட, அல்லா!" என்றார் மெஹபூப் அலி.

"காப்பி கிளப் நெருப்பா?" என்று ஜானு கேட்டாள். முதலில் மெதுவாகத்தான் கேட்டாள். "குழந்தையிலேருந்து காலு தேய ஆடினவளுக்கு, ஜுரத்துல நடுங்கிக்கினே வந்து ஆரத்தி எடுத்தவளுக்கு, காப்பி கிளப் நெருப்பா? ஐயரே! குடைக்குள்ள பூந்துக்கினா ஆச்சா? முன்னால வாங்க! சட்டம்னு காலைல நெஞ்ச நிமித்திக்கினு சொன்னீங்களே, அத நான் ஒரு நியாயம்னு நெனச்சேன். எனக்குப் பிடிக்காத நியாயம், ஆனா நியாயம். இது இன்னா? செத்தவள ஏமாத்தறீங்களே, இது எந்தச் சட்டத்துல கீது?"

சுந்தரராமய்யர் முன்னால் வந்தார். வேர்த்துக் கொட்டியது. "உன் மனசு சமாதானமாகட்டுமேன்னுதான்..."

"என் மனசுக்கு நீங்க இன்னா வைத்தியரா?"

அவர் குருக்கள் பக்கம் திரும்பினார். "சாம்பு, இதுக்கு மேலே பொறுக்க முடியாது. நீர் போய் நடையைத் திறவும். புண்யாகவாசனம் பண்ணித் தீட்டைக் கழிச்சுட்டுப் பூஜையை ஆரம்பியும். வர்றதை நான் பார்த்துக்கறேன்."

"நான் திறக்கமாட்டேன்," என்றார் குருக்கள். அவர் அப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை. அவருக்கே அது புதுசாக இருந்திருக்கவேண்டும். "பொணம் கிடக்கற தெருவுல பூஜை பண்ணினா அந்த தோஷம் என் தலையிலேதான் விடியும். உங்க தலையிலே இல்லே. ஒண்ணு, அவளுக்குச் சேரவேண்டியதைக் குடுங்கோ. இல்லேன்னா வேற குருக்களைப் பார்த்துக்கோங்கோ. சாமி காலைலேருந்து பட்டினி. நானும் பட்டினி."

"நாங்களும்தான்!" என்றாள் எதிர்வீட்டு மாமி.

சுந்தரராமய்யர் சுற்றிலும் பார்த்தார். அவருக்காகப் பேச அந்தத் தெருவில் ஒருவர் இல்லை. கோர்ட்டில் தோற்றால் அப்பீல் உண்டு. இங்கே எங்கே போவது?

"என்னவோ பண்ணுங்கோ. எனக்குத் தெரியாம நடந்ததா இருக்கட்டும். நான் பார்க்கலே."

"பாக்கணும்," என்றாள் ஜானு. "நீங்க இங்கயே நிக்கணும். நின்னு பாக்கணும்."

அவர் நின்றார்.

சாம்பு குருக்கள் போனார். இதற்கு மட்டும் வழக்கம் இடம் கொடுக்கிறபடி, மணி அடிக்காமல், விளக்கேற்றாமல் நடையை ஒருக்களித்துத் திறந்து, இருட்டில் கையால் தடவி எடுத்துவந்தார். பழுப்பேறிச் சுருங்கிய சம்பங்கி மாலை. அதில் நேற்றைய சந்தனமும் எண்ணெய்ப் பிசுக்கும் வில்வ இலையும் ஒட்டிக்கொண்டிருந்தன. சாமி உடுத்திக் களைந்த நாலு முழத் துணி ஒன்று. மடப்பள்ளிப் பரிசாரகர் சாம்பலைக் கிளறி அடியில் மூடிவைத்திருந்த கங்கைச் சட்டியில் வாரிக்கொண்டு பின்னால் வந்தார். குருக்கள் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார். வரக்கூடாது என்று அவரே சொன்னதை மறந்துபோனாரோ என்னவோ, மாலையைச் செங்கமலத்தின் மார்பில் தன் கையாலேயே வைத்தார்.

ஜானு குனிந்து முகர்ந்து பார்த்தாள். இத்தனை வருஷம் செங்கமலத்தின் புடவையில், தலைமயிரில், படுக்கையில் இருந்த அதே வாசனைதான். "வந்துடுச்சுக்கா," என்று காதோடு சொன்னாள்.

வேலாயுதம் முகத்தைக் கழுவிக்கொண்டு நாகஸ்வரத்தை எடுத்தான். யாரும் அவனைக் கேட்கவில்லை. பாடைக்கு முன்னால் நின்று, வேலை போகுமா போகாதா என்று பார்க்காமல் முகாரி வாசித்தான். அவன் வாசிப்பில் ஜானுவுக்கு என்றைக்கும் பெரிய அபிப்பிராயம் கிடையாது. அன்றைக்கு அவன் நன்றாக வாசித்தான். கோபுர வாசலுக்கு நேரே பாடையை ஒரு கணம் கீழே இறக்கி வைத்தார்கள். அதுவும் வழக்கம்தான். பிறகு தூக்கிக்கொண்டு கிருஷ்ணாம்பேட்டைச் சுடுகாட்டுப் பக்கம் திரும்பினார்கள். மெஹபூப் அலியும் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கூடவே போனார்.

தெரு ஒரே மூச்சில் உயிர்பெற்றது. வீடு வீடாகப் புகை கிளம்பியது. கோயிலில் குடம் குடமாகத் தண்ணீர் கொட்டிக் கழுவுகிற சத்தம் கேட்டது. பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. ஜானு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கூடத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

வாசலில் நிழல் தட்டியது. சுந்தரராமய்யர்.

"ஜானு, நடந்ததை மனசுலே வெச்சுக்காதே. எனக்கும் உன் மேலே ஒண்ணும் கோபமில்லே."

அவள் துடைப்பத்தை நிறுத்தவில்லை.

"ஒரு விஷயம் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். உன் தீட்டெல்லாம் கழியட்டும், அவசரமில்லே. ஆடிப்பூரத்துக்கு அம்பாளுக்கு ஆரத்தி எடுக்க நீ வந்துடு. செங்கமலமும் போயிட்டா. இனிமே நீ ஒருத்திதான் இருக்கே. வேற யாரும் அதைத் தொடமாட்டா. அதை மட்டும் விட்டுடாதே."

துடைப்பம் நின்றது. ஜானு நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவர் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. ரொம்ப நியாயமாக ஒன்றைக் கேட்கிறோம் என்றுதான் அவர் முகம் சொன்னது. 

"இன்னிக்கு யாரு ஐயரே எடுக்கப்போறா?"

"இன்னிக்கு... இன்னிக்கு ஆரத்தி இல்லாமத்தான் பொறப்பாடு. வேற வழியில்லே."

"அப்ப இனிமேட்டும் அப்டியே பொறப்படட்டும்."

"அப்படிச் சொல்லாதே ஜானு. ஜனங்க கண்ணெல்லாம் படும். சாமிக்குத் திருஷ்டி..."

"படட்டும். இந்தத் தெருவுல பட்ட கண்ணெல்லாம் அம்பது வருஷம் எங்கக்கா வாங்கிக்கினா. அவள எரிக்க ஒரு சட்டி நெருப்பு குடுக்க உங்களுக்கு மனசு வரல. இனிமே எந்தக் கண்ணு பட்டாலும் உங்க சாமியே பட்டுக்கட்டும்."

வாளியில் மிச்சமிருந்த தண்ணீரை அப்படியே வாசலுக்கு வீசிக் கொட்டினாள். பிணம் கிடந்த இடத்தைக் கழுவின தண்ணீர். சுந்தரராமய்யர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தெருவின் நடுவுக்கு ஓடினார்.